அதுவரைக்கும் ஒரு பல்

அந்த யோசனை எனக்குத் தோன்றியது ஏகாம்பரத்தின் ஸ்கேன் படத்தைப் பார்த்த நொடியில். ஏகாம்பரத்தைப் பார்த்த நொடியில் அல்ல. இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடையில் இருக்கும் தூரத்தைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

போன வாரம் எங்கள் பல் கிளினிக்கில் டாக்டர்களாகச் சேர்ந்திருக்கும் உங்கள் இருவருக்கும், எந்த டிராயரில் எது இருக்கிறது, எந்த நாற்காலி பாதியில் மக்கர் செய்யும் என்பதையெல்லாம் உதவியாளர் ஸ்டெல்லா காட்டிக் கொடுத்துவிடுவாள். வாலாஜாபாத்திலிருந்து தினமும் வந்து போகிற அவள் இங்கே என்னைவிட சீனியர். நான் சொல்லப்போவது எந்த டிராயரிலும் இல்லாத சமாசாரம். இப்படி எழுதுகிறவர்கள் வழக்கமாக ஓய்வு பெற்றவர்களாக இருப்பார்கள். எனக்கு முப்பத்தோரு வயதுதான். அவ்வளவு காலம் பொறுத்திருக்க என்னால் ஆகாது. பிறரைப் பொறுத்திருக்கச் சொல்வதில் மட்டும் நான் கெட்டிக்காரி. கதையே அதுதான்.

ஏகாம்பரம் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் முப்பது வருடமாகச் சேல்ஸ்மேன். வெள்ளை மெத்தை விரித்த மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வரும் குடும்பங்களுக்கு முன்னால் ஒவ்வொன்றாக விரித்துப் போடுகிற வேலை. ஐம்பத்தேழு வயது. ஒரு சாயங்காலம் செவிலிமேட்டிலுள்ள வீட்டுக்குத் திரும்பும்போது, புதிதாகப் போட்ட வேகத்தடை கண்ணுக்குத் தெரியாமல் மொபெட்டோடு விழுந்துவிட்டார். மேல்வரிசையில் முன்பற்கள் நான்கு போயின. புண் ஆறிய பிறகு எங்களிடம் வந்தார். வாயைக் கர்ச்சீப்பால் மூடியிருந்தாலும் கண்ணில் சிரிப்பு இருந்தது.

"வாய் லீவுல இருக்குது டாக்டரம்மா. ஆளு மட்டும் டூட்டிக்குப் போய்க்கினு இருக்கறேன்" என்றார். "ஒரு செட்டு வெச்சிக் குடுத்துடுங்க. ஆவணி வருது. கல்யாணப் பார்ட்டிங்க வந்துக்கினே இருப்பாங்க. எனக்கு வாய்தான் கடையே."

அவர் கேட்டது கழற்றி மாட்டும் பல்செட். ஒரு வாரத்தில் தந்துவிடலாம். அதற்குள் என் மேஜைக் கணினியில் அவருடைய ஸ்கேன் விரிந்துவிட்டது. என்ன எலும்பு! இந்த வயதில், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிற ஒருவருக்கு, மேல்தாடையின் முன்பக்கத்தில் அப்படி அகலமான எலும்பு. இம்ப்ளாண்ட் வைக்கவே செய்து வைத்த மாதிரி இருந்தது. எலும்புக்குள் இரண்டு டைட்டானியம் திருகுகள். அவை எலும்போடு ஒட்டியதும் மேலே நான்கு பற்களைக் கட்டிவிடலாம். மேல்படிப்பு முடித்து ஊருக்கு வந்ததிலிருந்து அப்படி ஒரு படத்துக்காகத்தான் காத்திருந்தேன்.

"செட் வேண்டாம் சார்" என்றேன். அவர் பேசி முடித்தாரா என்றுகூட நினைவில்லை.

அவருக்கும் செட்டைப் பற்றி ஒரு பயம் இருக்கத்தான் செய்தது. "எங்க கடையில ஒருத்தரு செட்டு போட்டிருந்தாரும்மா. மாப்ள வீடு, பொண்ணு வீடு ரெண்டும் ஒக்காந்துக்கினு இருக்குது. சேலைய ஒரு வீசு வீசி, 'பார்டரப் பாருங்க'ன்னாரு. எல்லாரும் பாத்தாங்க. பார்டர் மேல பல்லு கெடக்குது." தானே சொல்லித் தானே குலுங்கினார். சிரிக்கும்போது கர்ச்சீப்பை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டார்.

அந்தப் பயத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். செட் ஆடும், பேசும்போது நழுவும், சேலையை வீசுகிற வேகத்துக்குத் தாங்காது என்று அடுக்கினேன். திருகு அப்படியில்லை, எலும்போடு எலும்பாகிவிடும், உங்கள் உடம்பே அதைத் தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளும் என்றேன். மாதிரித் தாடையைக் கையில் கொடுத்துத் திருகை ஆட்டிப் பார்க்கச் சொன்னேன். படத்தைப் பெரிதாக்கி, "எவ்ளோ அழகான எலும்பு பாருங்க" என்றேன். தன் எலும்பு அழகு என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை போலிருக்கிறது. கூச்சத்தோடு பார்த்தார்.

"எவ்ளோ நாளாவும்?"

"சர்க்கரை இருக்கறதால ஆறு மாசம் விடணும். ஆவணிய விட்டுடுங்க. தைக்குப் புதுப் பல்லோட உக்காருவீங்க."

மாதிரித் தாடையை மேஜை மேல் வைத்தார். பிறகு சொன்னதை நீங்கள் எழுதி வைத்துக்கொள்ளலாம். நான் அன்று எழுதி வைக்கவில்லை.

"மொத சேலையே பொண்ணுக்குப் புடிச்சிப் போச்சின்னு வையிங்க, அப்பவும் நாங்க வுட மாட்டோம். இன்னும் ரெண்டு பாரும்மான்னு விரிப்போம். ஊட்டுக்குப் போயிட்டு, அதப் பாக்கலியே, இதப் பாக்கலியேன்னு அந்தப் பொண்ணு நெனைக்கக் கூடாது பாருங்க. நீங்க எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் விரிச்சீங்க." கர்ச்சீப்பைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "ஆனா சூப்பரா விரிச்சீங்க. முப்பது வருஷம் நான் வித்தேன். இன்னிக்கி எனக்கே வித்துட்டீங்க."

பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று மத்தியானமே கிளினிக்கின் பெரிய டாக்டரிடம் படத்தைக் காட்டிக் குதித்தேன். அதிகம் பேசாத மனிதர். படத்தைப் பார்த்தார், நல்ல எலும்பு என்று ஒப்புக்கொண்டார். எத்தனை மாதம் என்று கேட்டார். ஆறு என்றேன்.

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் பொறுத்துப்பாரு சார். மாஸ்க் போட்டுப்பேன்னு அவரே சொன்னாரு."

அவர் வேறெதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இன்று அவர் மீது குற்றம் சொல்ல எனக்கு ஆசைதான். கேள்வி என்னவோ முழுசாகத்தான் இருந்தது. அரைகுறையாக இருந்தது என் பதில்.

ஆவணி முதல் வாரத்தில் திருகுகளை வைத்தேன். வலி இல்லை, வீக்கம் இல்லை, கச்சிதமான வேலை. வைத்தியத்துக்கு முன்னும் பின்னும் எடுக்கிற படங்களை உங்களுக்குக் காட்டலாம்தான். ஆனால் முன்னால் எடுத்தவை மட்டும்தான் இருக்கின்றன.

இங்கே தொழில் சங்கதி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். திருகு வைத்த எலும்பு ஆறுகிற மாதங்களில் நோயாளியைப் பல் இல்லாமல் விட வேண்டும் என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. கழற்றி மாட்டும் தற்காலிகப் பல் ஒன்றைச் செய்து, திருகு இருக்கும் இடத்தில் உட்பக்கத்தைக் குடைந்துவிட்டு, மெத்தென்ற பூச்சு கொடுத்து, பக்கத்துப் பற்களில் தாங்க வைக்கலாம். தேர்வில் நானே இதைப் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியவள். ஆனால் அந்தப் பல் ஈறை அழுத்தினால் திருகு அசையலாம், அசைந்தால் ஒட்டாமல் போகலாம். சின்ன அபாயம். அந்தச் சின்ன அபாயம்கூட என் திருகுகளுக்கு வரக் கூடாது என்று நினைத்தேன். தை கழிந்ததும் சென்னையில் இளம் டாக்டர்களுக்கான ஒரு கூட்டத்தில் இந்தக் கேஸைக் காட்டப் பெயர் கொடுத்திருந்தேன். தலைப்பைக்கூட முடிவு செய்துவிட்டேன்.

ஐப்பசியில் ஒரு நாள், சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். மாஸ்க்கைக் கழற்றவில்லை. காத்திருப்போர் பெஞ்சு நிறைந்திருந்ததால் வாசல் பக்கமாக நின்றபடியே ஸ்டெல்லாவிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அவள் அவரை உள்ளே கூட்டி வந்தாள்.

"நாளைக்கி ஒரு பார்ட்டி வர்றாங்கம்மா. வந்தவாசியில இருந்து. பாட்டியோட அறுவதாங் கல்யாணத்துக்கு நான்தான் சேலை எடுத்துக் குடுத்தேன், பொண்ணுக்கும் நான்தான். இப்ப பேத்திக்கி. ஏகாம்பரம் இருக்கறாரான்னு போன் பண்ணிக் கேட்டுட்டுத்தான் கெளம்பறாங்க. ரெண்டே ரெண்டு நாளைக்கி எதாச்சும் ஒண்ணு மாட்டி வுடுங்க. பிளாஸ்டிக்கா இருந்தாலும் சரி."

"மாஸ்க்கோடவே பேசுங்களேன் சார்."

"மாஸ்க் போட்டுக்கினு எப்படிம்மா கல்யாணச் சேலை விக்கிறது? ஒடம்பு சரியில்லியான்னு நவுந்து நவுந்து ஒக்கார்றாங்க. மொதலாளியும் பாத்துக்கினே இருக்கறாரு. நல்ல மனுசன், ஒண்ணும் சொல்லல. ஆனா பாக்கறாரு."

இந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல் அச்செடுத்து அன்றே லேபுக்கு ஆளனுப்பினால், அடுத்த நாள் காலைக்குள் முன்பல் நான்கு கொண்ட ஒரு தற்காலிகத் தகடு வந்திருக்கும். எங்கள் லேப்காரர் அப்படிப்பட்டவர். வெளியே பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு ஒரு பக்கம் அவசரம், ஒரு பக்கம் என் திருகுகள்.

"ரெண்டு நாள் போடப் போய் ரெண்டு மாசம் வீணாயிடும் சார். தை வரைக்கும் பல்லக் கடிச்சிக்கிட்டு இருங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அவர் கண்ணும் சிரித்தது. "கடிக்கறதுக்கு இருந்தா நான் ஏம்மா இங்க வர்றேன்" என்றார். கதவு திறந்திருந்ததால் வெளியே பெஞ்சிலிருந்த ஒருவரும் சிரித்தார். எல்லாம் சுமுகமாக முடிந்ததாக நினைத்து அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

கையுறை மாட்டிவிடும்போது ஸ்டெல்லா மெதுவாகச் சொன்னாள்: "அவரு ரெண்டு நாளுதான மேடம் கேட்டாரு."

"உனக்குத் தெரியாது ஸ்டெல்லா."

"ஆமா மேடம். எனக்கு ஸ்க்ரூவப் பத்தித் தெரியாது" என்றாள்.

கார்த்திகையில் என் தங்கை கல்யாணத்துக்குச் சேலை எடுக்க அம்மாவும் நானும் அதே கடைக்குப் போனோம். ஏகாம்பரம் உட்கார்ந்து பேசும் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். வாய் ஓயாத இளைஞர். அவர் எங்களுக்கு அரக்கில் ஒரு சேலையை விரித்து, அதுதான் இந்த வருஷ ஸ்டைல் என்று அளந்துகொண்டிருந்தபோது, பின்னால் மாடிப்படியில் யாரோ சேலைக் கட்டுகளைத் தோளில் சுமந்து ஏறினார்கள். மாஸ்க். ஏகாம்பரம்தான். குடோனுக்கு மாற்றியிருந்தார்கள். மேலே சேலைகளை மடித்து ஸ்டிக்கர் ஒட்டும் வேலை.

என்னைப் பார்த்ததும் நின்றார். கும்பிடக் கை காலியாக இல்லை, தலையை அசைத்தார். பிறகு எங்கள் முன்னால் கிடந்த அரக்குச் சேலையைப் பார்த்தார். புருவத்தைச் சுருக்கி, வேண்டாம் என்று தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். இளைஞரின் முழங்காலுக்குப் பக்கத்தில் பிரிக்காமல் கிடந்த ஒரு சேலையை முகவாயால் காட்டினார். நீலமா பச்சையா என்று சொல்ல முடியாத, அசைத்தால் நிறம் மாறுகிற பட்டு.

"அது இன்னா கலர்?" என்று அம்மா கேட்டாள்.

"மயில் கழுத்து ஆண்ட்டி" என்றார் இளைஞர். "அது பழைய டைப்பு."

படியில் நின்ற ஏகாம்பரம் கண்ணை மூடித் திறந்தார். அதையே எடுத்தோம். தங்கைக்கு அதைவிடப் பொருத்தமான சேலை அந்தக் கடையிலேயே இருந்திருக்காது. முப்பது வருடமாகப் பேசி விற்றவர், அன்று ஒரு வார்த்தை பேசாமல் படியில் நின்றபடி எனக்கு விற்றார். பில் போடும்போது நான் அவரை நோக்கி இரண்டு விரலைக் காட்டினேன். இன்னும் இரண்டு மாதம். அவரும் கட்டுக்கு அடியிலிருந்து இரண்டு விரலை நீட்டினார்.

அதுதான் நான் கடைசியாக அவரைப் பார்த்தது. அந்த நேரத்தில் எனக்கு மனசு நிறைந்திருந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும். நம் வைத்தியம் திட்டப்படி போகிறது, நோயாளி ஒத்துழைக்கிறார் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

மார்கழிக் கடைசியில், அடுத்த கட்டத்துக்குத் தேதி குறிக்க ஸ்டெல்லா அவருடைய எண்ணுக்குப் போன் செய்தாள். கேட்டுக்கொண்டே இருந்தவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். முந்தின நாள் காலை காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. அன்று சாயங்காலமே பாலாற்றங்கரையில் எரித்துவிட்டார்கள்.

மாடிப்படியில் சுமை தூக்கியதால்தான் போனார் என்று சொல்ல எனக்கு அறிவும் இல்லை, உரிமையும் இல்லை. அந்தக் கணக்கை நான் போடுவதில்லை. எனக்கு வேறு கணக்கு இருக்கிறது.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவருடைய மகள் ரேவதி வந்தாள். ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை, என்னைவிட நான்கைந்து வயது சின்னவள். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து, உட்காராமல் நின்றாள். கையில் மடித்த செய்தித்தாள் பொட்டலம்.

"இன்னிக்கி காலைல பால் தெளிச்சி எலும்பு பொறுக்கும்போது தம்பிக்குக் கெடச்சிது மேடம். பாடையில அடிச்ச ஆணி, தூக்கிப் போடுன்னு அங்க இருந்தவங்க சொன்னாங்க. தம்பி ஒத்துக்கல. அப்பா போன்ல எக்ஸ்ரே படத்த வெச்சிக்கினு வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் காட்டுவாரு. என் எலும்பு எவ்ளோ அழகுன்னு டாக்டரம்மாவே சொன்னாங்கன்னுவாரு. அதனால அவனுக்குப் பாத்ததும் தெரிஞ்சிபோச்சி."

பொட்டலத்தைப் பிரித்தாள். இரண்டு திருகுகள்.

"கடல்ல கரைக்க மாமல்லபுரம் போய்க்கினு இருக்கறோம். இரும்பு சாமான அஸ்தியோட போடக் கூடாதுன்னு பெரியப்பா சொல்றாரு. அம்மாதான், டாக்டரம்மாவையே கேட்டுக்கினு போங்கன்னாங்க. எலும்போட எலும்பா ஆயிடும்னு நீங்க சொன்னீங்களாமே. இது அப்பாவோட எலும்பா மேடம், இல்ல உங்க சாமானா? சீக்கிரம் சொல்லுங்க. கலயத்த ஊட்டுக்குள்ள எடுத்தாரக் கூடாது. தம்பி வெளிய நிக்கிறான்."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிர்ச்சாரியில் புங்கமரத்தடியில் மொட்டையடித்த ஒரு பையன், மஞ்சள் துணி கட்டிய கலயத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். வண்டி உறுமிக்கொண்டிருந்தது.

எந்தப் பரீட்சையிலும் இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை. திருகுகளைக் கையில் எடுத்தேன். தீயில் டைட்டானியம் உருகவில்லை. நிறம்தான் ஏறியிருந்தது. வேலை செய்யும்போது மாட்டுகிற பூதக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் திருப்பினேன். மரைகளின் பள்ளத்தில் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டினேன், வரவில்லை. எலும்பு. மற்றதெல்லாம் சாம்பலான பிறகும் திருகை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த அவருடைய எலும்பு. இரண்டிலும்.

என் வைத்தியம் வெற்றி. அதைவிட நல்ல ஒட்டுதலை நான் எங்கும் பார்த்ததில்லை. என் வலது கை தானாக அலமாரிப் பக்கம், கேமரா இருக்கிற தட்டுக்குப் போனது. ஸ்டெல்லா பார்த்துக்கொண்டிருந்தாள். கையை இழுத்துக்கொண்டேன்.

அதற்குள் ரேவதி பேச ஆரம்பித்திருந்தாள். என்னைக் குறை சொல்ல அல்ல. யாரிடமாவது சொல்ல வேண்டும் என்பதுபோல.

"வாய்க்கரிசி போடும்போது வாயத் தொறந்தாங்க மேடம். முன்னாடி பல்லு இல்ல. அம்மா ஓடியாந்து அவரு கர்ச்சீப்ப எடுத்து வாயில வெச்சி மூடிட்டாங்க. அவருக்குப் புடிக்காது, யாரும் பாக்காதீங்கன்னு சத்தம் போட்டாங்க. எல்லாரும் கர்ச்சீப்ப லேசா தூக்கிட்டு, மொகத்த அந்தாண்ட திருப்பிக்கினுதான் அரிசி போட்டோம். அஞ்சு மாசமா ஊட்லகூட மாஸ்க்தான் மேடம். சாப்புடும்போது செவுத்தப் பாத்து ஒக்காந்துக்குவாரு. கேட்டா, தைக்குப் பாருங்கடி, எல்லாத்துக்கும் சேத்து வெச்சிப் பேசறேன்னுவாரு."

வெளியே ஹாரன் ஒரு முறை அடித்து ஓய்ந்தது.

"உங்க அப்பாவோட எலும்புதாம்மா" என்றேன். "இரும்பு இல்ல. பாரு, அவரு எலும்பு இதுல ஒட்டியிருக்கு. இதப் பிரிக்க முடியாது. அவரோடவே போகட்டும்."

பூதக்கண்ணாடியை அவள் கண்ணுக்கு வைத்துக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

"கலர்கூட மாறியிருக்குது" என்றாள். திருகைச் சாய்த்தாள். நீலம் பச்சையாகி மறுபடி நீலமானது. "அப்பா பாத்தா மயில் கழுத்துன்னு சொல்லியிருப்பாரு."

பொட்டலத்தை நானே மடித்துக் கொடுத்தேன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பி, "தேங்க்ஸ் மேடம். அம்மாகிட்ட சொல்லிடறேன்" என்றாள். அந்தத் தேங்க்ஸை எங்கே வைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. தம்பி கலயத்தின் துணியைத் தளர்த்திப் பொட்டலத்தை உள்ளே வைப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. வண்டி போன பிறகு பெஞ்சிலிருந்த பெரியவர் ஒருவர், "அடுத்தது நான்தானேம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

சென்னைக் கூட்டத்துக்கு நான் போகவில்லை.

இதைப் படித்துவிட்டு, திருகு கெட்டது, பல்செட்தான் நல்லது என்று நீங்கள் முடிவு கட்டினால் நான் எழுதியது வீண். நேற்றுகூட இரண்டு இம்ப்ளாண்ட் வைத்தேன். ஏகாம்பரத்துக்கும் திருகு பொருத்தமான வைத்தியம்தான். எனக்குக் கேட்கத் தெரியவில்லை என்பதுதான் குறை. சர்க்கரை இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று ஒரு தாள் முழுக்கக் கேட்டேன். நாளைக்குக் காலையில் இந்தப் பல்லை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்கவில்லை. அவர் தானாகவே சொன்னார், எனக்கு வாய்தான் கடையே என்று. அதையும் நான் பேச்சுக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன்.

ஆறு மாதம் என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். நம்மைப் பொறுத்தவரை அது எலும்பு ஆறுகிற காலம். எதிரில் இருப்பவருக்கு அது ஒரு ஆவணி, ஒரு ஐப்பசி, வந்தவாசியிலிருந்து வந்து ஏமாந்து போன ஒரு குடும்பம், சுவரைப் பார்த்துச் சாப்பிட்ட சோறு. ஒருவேளை அவரிடம் மிச்சமிருந்ததே அவ்வளவுதானோ என்னவோ. அது நமக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. அதனால்தான் அதுவரைக்கும் ஒரு பல் வேண்டும். ஆடுகிற பல்லானாலும், பிளாஸ்டிக் பல்லானாலும்.

இப்போது ஒருவர் வந்திருக்கிறார். செவிலிமேடு, ஓரிக்கை பக்கம் ஓடுகிற டவுன் பஸ்ஸில் கண்டக்டர். மேலே முன்பற்கள் மூன்று இல்லை. ஸ்கேன் எடுத்திருக்கிறேன், இன்னும் திறக்கவில்லை. திறந்தால் என்ன ஆவேன் என்று எனக்குத் தெரியும். முதலில் அந்தக் கேள்வியைக் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

"விசில் புடிக்கணும் மேடம். ரெண்டு கையிலயும் டிக்கெட்டு, காசு. விசிலு பல்லுலதான் நிக்கணும். இப்ப ஒதட்டுல புடிக்கறேன், எச்சிதான் ஊத்துது, சத்தம் வரமாட்டேங்குது. டிரைவரு திரும்பித் திரும்பிப் பாத்துத் திட்டறாரு."

திருகு, செட்டு, இரண்டுக்கும் நடுவில் இருக்கிறவை எல்லாவற்றையும் அவர் முன்னால் விரித்து வைத்தேன். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். கேட்டு வரட்டும். அவசரமில்லை. ஆனால் அதுவரைக்கும் அவருக்கு ஒரு தற்காலிகப் பல் தயாராகிவிட்டது. அது நாற்காலியில் சாய்ந்திருக்கும்போது நிற்கும், எனக்குத் தெரியும். நின்றபடி, கூட்டத்தில் இடிபட்டு, விசிலைக் கடித்து ஊதும்போது நிற்குமா என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ஆகவே திங்கட்கிழமை காலை நான் கிளினிக்குக்குத் தாமதமாகத்தான் வருவேன். முதல் ஒரு மணி நேரம் நீங்கள் இருவரும் ஸ்டெல்லாவைக் கேட்டு நடந்துகொள்ளுங்கள். நான் பஸ் ஸ்டாண்டில் அவருக்குப் பல்லை மாட்டிவிட்டு, அதே பஸ்ஸில் ஏறி ஓரிக்கை வரைக்கும் போய்த் திரும்பப் போகிறேன். பையில் ஒரு அரமும், கொஞ்சம் மெத்துப் பூச்சும் இருக்கும். விசில் நழுவினால் கடைசி நிறுத்தத்தில் இறங்கி, பல்லைக் கழற்றி ராவி, மறுபடி மாட்டி, மறுபடி ஏறுவேன்.

சத்தம் வருகிற வரைக்கும்.